மதினியின் பச்சைப் புள்ளி

என் அருமை மதினிக்கு,

கொழுந்தன் எழுதுகிறேன். நம்மூர் சிக்கலில் இந்த வருஷம் மிளகாய் நன்றாக வந்திருக்கிறது. அண்ணன் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார். என்னிடம் மட்டும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு நீங்கள்தான் காரணம்!

நம்மூர் விவசாயிகள் வியாபாரிகளுக்கு நேரடியாக மிளகாய் விற்க நான் ஒரு வெப்சைட் செய்தேனே, அதில் முதல் அக்கவுண்ட் உங்களுடையது. பாஸ்வேர்டை யாரும் ஊகிக்கக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஊரே குலசாமி பேரை வைத்தது. நீங்களும்தான். "சாமி காவல் இருக்கையில எவன் உள்ள வருவான், கொழுந்தனாரே?" என்று என் வாயை அடைத்தீர்கள். எல்லாரும் ஒரே சாமியைக் கும்பிடுகிற ஊரில் எவன்தான் வர மாட்டான்?

நீங்கள் போன பிறகு ஒருநாள் தூத்துக்குடி வியாபாரி ஒருவர் போன் செய்தார். "அம்மா இறந்துட்டாகன்னாக. வெப்சைட்ல அவுக பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியுதே தம்பி?" எனக்குப் பகீரென்றது. அக்கவுண்டுக்குள் ஆள் இருந்தால்தான் அந்தப் புள்ளி எரியும். உங்கள் பேரில் எவனாவது மட்டச் சரக்கை விற்றுவிட்டால்?

ராமநாதபுரத்தில் பஸ் பிடித்து நேரே வீட்டுக்கு வந்தேன். நீங்கள் அடம்பிடித்து வாங்கிய கம்ப்யூட்டரில் உங்கள் அக்கவுண்டைத் திறந்துவைத்துக்கொண்டு அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே இது?"

"அவ பேரு எரியுதுல்ல. அதப் பாத்துட்டு வயலுக்குப் போறேன். ஒனக்கு என்னலே நட்டம்?"

அந்த அக்கவுண்டை மூடித்தான் ஆக வேண்டும் என்றேன். "யாவாரிகளுக்கு அவ எழுதுனதையெல்லாம் அழிச்சிருவியா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

அவர் கேட்டது நியாயம்தான். ஆளையும் பாஸ்வேர்டையும் நான் ஒரே பதிவில் கட்டிவைத்திருந்தேன். அழித்தால் நீங்கள் எழுதியது அத்தனையும் போய்விடும். விட்டுவைத்தால் யார் வேண்டுமானாலும் நீங்களாகிவிடலாம்.

பிரித்துவிட்டேன் மதினி. ஆளின் பேருக்கும் பேச்சுக்கும் ஒரு பதிவு, பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைவதற்குத் தனியாக இன்னொன்று. நுழைகிற பதிவை மட்டும் மூடினேன். உங்கள் பேரும் பேச்சும் அப்படியே இருக்கின்றன. அடிமாட்டு விலைக்குக் கேட்டவனுக்கு, "இந்த வெலைக்கு மொளகா இல்ல, காம்பு வேணா தாரேன்" என்று எழுதினீர்களே, அதுவும் இருக்கிறது. நான் செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான், யாரிடமும் அடித்துச் சொல்வேன்.

முந்தாநாள் அண்ணன் மனமிறங்கி வந்தார். அவருக்கென்று ஒரு அக்கவுண்ட் திறந்தேன். "குலசாமி பேரு வேணாம்ணே" என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன். "தெரியும்லே, போ" என்றார். உள்ளே போனவர் வேறு எதையும் பார்க்கவில்லை, நேரே உங்கள் பக்கத்தைத் திறந்தார். அந்தக் காம்புப் பதிலை வாய்விட்டுப் படித்தார். சிரித்தார் மதினி! நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

உங்கள் புள்ளி இனி எரியாது. பக்கத்தைத் திறந்தால் நானும் முதலில் அங்கேதான் பார்க்கிறேன். ஆனால் உங்கள் பேரில் யாரையும் பேச விடமாட்டேன், நான் உட்பட. நீங்கள் பேசியதில் ஒரு சொல்லையும் யாரும் அழிக்க விடமாட்டேன்.

உங்கள் வாய்க்கு இன்றும் பயப்படும்
கொழுந்தன்