முக்காட்டுக்குள் இருந்தவள்

இந்தக் குளிர்காலமும் கொரிடோர் சுவரில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. துடைப்பதற்காக இன்று காலை உன் படத்தைக் கழற்றினேன். நீ இருக்கும் படம் அல்ல. நீ ஆசைப்பட்டுச் சட்டம் போட்டு மாட்டிய கிரேக்கப் படம். அரசன் ஒருவன் நிற்கிறான். வீரன் ஒருவன் முக்காடு போட்ட பெண்ணொருத்தியின் கையைப் பிடித்து அவனிடம் கொடுக்கிறான். அவள்தான் உன் அல்கெஸ்டிஸ். அந்தப் படத்தின் ஓரத்திலும் பூஞ்சணம் ஏறியிருந்தது. பிளீச் வாளியோடு நின்ற எனக்கு அதைக் கண்டு ஒரு சந்தோஷம் வந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

இந்த ஊர்ப் பள்ளியில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கிரேக்கக் கதை படிப்பித்த யாழ்ப்பாணத்தாள் நீ. சனிக்கிழமைகளில் மங்கரே விமான நிலையத்தில் கார்கோ வேலை முடித்துவிட்டு நான் பிளாக்ஹவுஸ் பே பகுதிக்கு, இதே வீட்டுக்கு, உன் சிநேகிதியாக வருவேன். நான் வெங்காயம் வெட்ட, நீ திங்கட்கிழமைப் பாடத்தை என்னிடம் ஒத்திகை பார்ப்பாய். புருஷனான அந்த அரசனுக்குப் பதிலாகச் சாக அவனைப் பெற்றவர்களே மறுத்தபோது தானே போனவள் அல்கெஸ்டிஸ். நாடகம் எழுதியவன் அவளைச் சாகும் நேரத்தில் பேசவைத்தான். இன்னொருத்தியைக் கட்டமாட்டேன் என்று புருஷனிடம் சத்தியம் வாங்கவைத்தான். ஓவியர்கள் அவள் கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகளை அழவைத்தார்கள். தத்துவக்காரர்கள் வழக்கம்போல இரண்டுபட்டார்கள். அன்பின் உச்சம் அது என்றது ஒரு பேச்சு, அழியாத பெயருக்கு ஆசைப்பட்டாள் என்றது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம் என்றேன். பொறாமைக்காரிக்கு அப்படித்தான் தெரியும் என்று நீ சிரித்தாய்.

அந்தச் சத்தியம் மட்டும் உனக்குப் பிடிக்கவில்லை. "சாகப்போறவள் இருக்கிறவனை ஏன் கட்டிப்போடோணும்?" என்றாய். சொன்னபடியே செய்தும் காட்டினாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் கணவரிடம், நானும் பக்கத்தில் இருக்க, தனிய இருந்துவிடாதையுங்கோ என்றாய். நீ ஒரு சத்தியம் வாங்கியிருக்கலாம். அதை உடைத்துக்கொண்டு வந்தவள் என்று உன்னோடு சண்டை பிடித்தாவது இந்த வீட்டில் இருந்திருப்பேன். விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவளோடு என்ன சண்டை பிடிப்பது?

உன் கணவரை நான் கட்டி இது மூன்றாவது குளிர்காலம். கோயிலில் சனங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவவைப் போல ஒரு மனுசி வராது என்கிறார்கள். குழம்பில் உப்புக் கூடினால் அது என் சமையல். நன்றாக வந்தால் உன்னிடம் பழகிய கைப்பக்குவம். உன் மகள் என்னை இன்னும் அன்ரி என்றுதான் கூப்பிடுகிறாள். இன்று வெறும் சுவரைப் பார்த்ததும், படம் எப்போது திரும்பி வரும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன்னை நான் வென்றது ஒரே ஒரு தடவை. சாவோடு மல்லுக்கட்டி வீரன் அல்கெஸ்டிஸை முக்காட்டோடு மீட்டுக்கொண்டு வந்த பிறகும், நாடகம் முடியும்வரை அவள் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டாய். நான் வெங்காயத்திலிருந்து தலை நிமிராமல் சொன்னேன்.

"அது அவளில்லையோ என்னவோ. வேற ஆரோ ஒருத்தி. கதைச்சா பிடிபட்டிடுவாள்."

நீ பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "இதை நான் யோசிக்கேல்லை," என்றாய். அந்தப் பெருமையில் ஒரு கிழமை மிதந்தேன்.

சற்று முன், சுவர் காய்ந்ததும் படத்தைத் திரும்ப மாட்டினேன். ஆணியில் அது நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, குசினியிலிருந்து அவர் கூப்பிட்டார். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லித்தான் கேட்டார். சொன்னது அவருக்கே தெரியாது. அவ்வளவு இயல்பாக, அவ்வளவு பட்சமாக இருந்தது. அந்தக் குரலில் அவர் என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் என் குரல் கேட்டுத் திடுக்கிடுவார், மன்னிப்புக் கேட்பார், என் பெயரை நிதானமாகச் சொல்வார். நான் மூச்சுக் காட்டாமல் நின்றேன், இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று.

கூப்பிட்டார். உன் பெயர்தான். ஆனால் அந்தக் குரலை வாங்கிக்கொண்டவள் நான். அதை உனக்குத் திருப்பித் தரமாட்டேன்.