ஜலம் குடிக்காத வண்டி

மயிலாப்பூர்,
மார்கழி, ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி வர்ஷினிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே அப்பா சௌக்கியம், நான் சௌக்கியம், கார் சௌக்கியம். அங்கே டொராண்டோ பனியில் நீயும் மாப்பிள்ளையும் காது மூடிக் குல்லா போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டும். கார் என்றதும் போனை எடுக்காதே, முழுக்கப் படித்துவிட்டு எடு. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நம் கூடத்தில் நின்று பேசினால் அப்பா காதில் விழாமல் எதையும் பேச முடியாது, கண் மங்கினதிலிருந்து காது பாம்புக் காதாகிவிட்டது. பக்கத்து ஃப்ளாட் தீபிகா நாளைக்கு அங்கே கிளம்புகிறாள், அவள் பெட்டியில் வடாமோடு இதையும் வைக்கிறேன். நீ பார்த்து வைத்திருக்கும் அந்தக் கோயமுத்தூர் சீனியர் சிட்டிசன் வீட்டுக்குத் தை பிறந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன் இல்லையா, அந்தப் பதிலும் இதில்தான் இருக்கிறது.

நீ வீடியோவில் பார்க்கிற அப்பா வேறு, நான் பார்த்த அப்பா வேறு. உன்னிடம் ஃபைன் ஃபைன் என்பார். ஆடி மாதம் கண் டாக்டர், நேரே இருப்பது தெரியும், பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்று சொன்ன அதே வாரம் நம் பழைய காரை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார். எனக்கும் லைசென்ஸ் உண்டு, காலேஜுக்கு வருஷக்கணக்காக ஓட்டிப் போனவள்தான் என்பது அவருக்கு ஞாபகமே வரவில்லை. அவர் கூட இருந்தால் நான் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை, அதுவும் நிஜம்தான். அதற்கப்புறம் பீச் நடை போயிற்று, சபா போயிற்று, உன் சித்தி வீட்டுக் கொலுவுக்குக்கூட வரவில்லை. ஆட்டோவில் மூட்டை மாதிரி என்னை ஏத்திண்டு போகாதே என்பார். நசுங்கின கார்களைப் பார்த்துப் பார்த்து இன்ஷூரன்ஸுக்கு ரிப்போர்ட் எழுதின சர்வேயர், எந்த ஷெட்டுக்குள் நுழைந்தாலும் வெங்கடரமணன் சார் என்று எழுந்து நிற்பார்கள், அந்த மனிதர் பால்கனியில் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்படியே விட்டால் இவர் வாசலைத் தாண்டாமலே போய்விடுவார் என்று பயந்தேன். நீ கோயமுத்தூர் என்று சொன்னபோது அதனால்தான் நான் சட்டென்று மறுக்கவில்லை.

அவருக்கு இந்த ஜன்மத்தில் ஒரே ஒரு கார் மேல்தான் ஆசை, உனக்கே தெரியும், ஆக்டேவியா ஆர்எஸ். பார்த்தால் ஆபீசர் கார் மாதிரி சாதுவாக இருக்கும், மிதித்தால்தான் குணம் தெரியும் என்பார். வேகமாகப் போய் விழுந்தவர்களைப் பற்றி எழுதியே கை தேய்ந்தவர், தான் மட்டும் நாற்பதைத் தாண்ட மாட்டார், ஆனால் அந்தக் காரின் குதிரைசக்தியைச் சஹஸ்ரநாமம் மாதிரி ஒப்பிப்பார். கடையில் புதிதாக நினைத்த நேரத்தில் வாங்கக் கிடைக்கிற வண்டி இல்லை, யாராவது விற்றால்தான் உண்டு. சரி, பழையதானால் என்ன, வாங்குவோம் என்று ஒரு நாள் காய்கறி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நந்தனத்தில் பழைய கார் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். பளபளவென்று சிவப்பாக ஒன்று நின்றது. கடைக்காரப் பிள்ளை சாவியைத் திருப்பினான், இன்ஜின் பூனை மாதிரி உறுமியது. ஒரே ஓனர் மேடம், டாக்டர் வெச்சிருந்த வண்டி மேடம் என்று தேனாகப் பேசினான். நானும் மயங்கி, நாளைக்கு வந்து முடித்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் விஷயத்தைச் சொன்னால் உனக்குப் பைத்தியமா என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, நீ போறச்சே பானெட் சூடா இருந்துதோ, தொட்டுப் பாத்தியோ என்று கேட்டார். ஆமாம், கொஞ்சம் சூடுதான், இப்போதுதான் கழுவி நகர்த்தினோம் என்றார்கள் என்றேன். பத்து வருஷம் காலேஜில வெப்பப் பாடம், தெர்மோடைனமிக்ஸ் நடத்தினவள் சொல்ற பேச்சா இது என்று எழுந்து நின்றுவிட்டார். நோயுள்ள இன்ஜின் காலையில் முதல் தடவை கிளப்பும்போதுதான் இருமுமாம், அது தெரியக் கூடாதென்று ஆள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்களாம். நாளைக்கு அவன் கடை திறக்கறச்சே நாம அங்க நிக்கணும் என்றார். நாம என்றார், வர்ஷினி.

மறுநாள் மூட்டையாவது ஒன்றாவது, அவரே கீழே இறங்கி ஆட்டோவைக் கூப்பிட்டார். நீ சின்னவளாக இருந்தபோது ஜுரத்துக்கு உன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி பானெட்டில் கை வைத்தார். அப்புறம் இன்ஜினைக்கூடக் கேட்கவில்லை, பின் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரைக்கும் இழுத்தார். எப்போதும் உள்ளே சுருண்டிருக்கிற அந்த நுனியில் விரலால் தடவி என்னிடம் காட்டினார், மெல்லிசாகச் சேற்றுக் கோடு. இது ஜலம் குடிச்ச வண்டி, வெள்ளத்துல முழுகினது, வா போலாம் என்றார். கடைக்காரப் பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம், கச்சேரி ரோடு வரைக்கும், அவர் வாய் ஓயவில்லை. மாதக்கணக்கில் என்னிடம் அவ்வளவு பேசியிருக்கமாட்டார். நான் உம் கொட்டிக்கொண்டே வந்தேன்.

அதற்கப்புறம் எங்களுக்கு இதே வேலைதான். அடையாறில் ஒன்று, மேற்கு மாம்பலத்தில் ஒன்று, பெண் பார்க்கப் போகிற மாதிரி போய் பஜ்ஜி சாப்பிடாமல் திரும்பினோம். கடைசியில் கோட்டூர்புரத்தில் சந்திரமௌலி என்று ஒரு ஆர்க்கிடெக்ட், இடுப்பு வலியால் தாழ்வான சீட்டில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் விற்றார், சாம்பல் நிறம். அப்பா கதவு இடுக்குகளை எல்லாம் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தடவிப் பார்த்தார், மோதிச் சரிபண்ணின வண்டியில் இடைவெளி ஒரே சீராக இருக்காதாம். மழைக்கு எங்கே நிறுத்துவீர்கள் என்று கேட்டார். சந்திரமௌலி, மழை எச்சரிக்கை வந்தாலே முதல் ஆளாக மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்கு நடப்பேன் என்றார். அந்த ஒரு பதிலில் அப்பா பாதி விழுந்துவிட்டார். ராயப்பேட்டை மெக்கானிக் ஃபராஸ், அப்பாவுக்குப் பழைய பழக்கம், வந்து கம்ப்யூட்டர் சொருகிப் பார்த்துவிட்டு, வண்டி சோக்கா கீது சார், ஆனா இத்த அம்மாவா ஓட்டப் போறாங்க என்று கேட்டான். அவ ஃபிசிக்ஸ் வாத்தியார்டா, வேகத்தைப் பத்தி நமக்கே பாடம் எடுப்பா என்றார் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை, போ.

ஆனால் கேள். வண்டியை வாங்கின கையோடு முண்டகக்கண்ணி அம்மன் கோயிலில் பூஜை போட்டோம். நாலு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழே வைத்து நசுக்கி, ஐந்தாவதை டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து பக்கத்துக் கதவைத் திறந்தேன். அப்பா ஏறவில்லை. நீ ஓட்டிண்டு வா, நான் நடந்தே ஆத்துக்கு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுச் சுவரை ஒரு கையால் தொட்டுக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டார். வண்டி வாங்குகிறவரை அவர் சர்வேயர், வாங்கின பிறகு அந்த இடது பக்க சீட்டில் உட்கார்ந்தால் ஓட்ட முடியாத மனிதர். எனக்கு அது அப்போதுதான் புரிந்தது. லஸ் சிக்னலில் நின்றபோது அழுதுவிட்டேன், பக்கத்து ஸ்கூட்டிக்காரி கண்ணாடியைத் தட்டி, ஆன்ட்டி ஆர் யூ ஓகே என்று கேட்டாள்.

அப்பா தினம் காலையில் கீழே போய் வண்டியைத் துடைப்பார், டயரில் காற்று பார்ப்பார், எந்த பெட்ரோல் போடணும் என்று சொல்வார், உள்ளே மட்டும் உட்கார மாட்டார். வண்டி தாழ்வு, நம் தெரு ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டினால் மாடியிலிருந்தே கேட்டுவிட்டு, நேரா ஏத்தறே, குறுக்கே ஏத்தணும் என்பார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கோ என்றால் எழுந்து உள்ளே போய்விடுவார். நானும் எத்தனை நாள்தான் கெஞ்சுவது, விட்டுவிட்டேன். போன வாரம் வண்டியில் ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. திருப்பத்தில் திரும்பினால் லொட் லொட் என்று எங்கேயோ இடிக்கும், நேராகப் போனால் நின்றுவிடும். எனக்குப் பகீரென்றது, பழைய வண்டி, வேகமான வண்டி, என்னத்தைப் போய் வாங்கினோமோ என்று. அப்பா முன் பக்கமா பின் பக்கமா, இரும்புச் சத்தமா ரப்பர் சத்தமா என்று குறுக்கு விசாரணை செய்தார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஃபராஸுக்குப் போன் போட்டால் அவன், உள்ள குந்திக்கினு போனாத்தான் சார் தெரியும் என்றுவிட்டான்.

அப்பா போனை வைத்தார். அப்புறம் சட்டை மாட்டிக்கொண்டு கீழே வந்து, முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார், சத்தம் எங்கேன்னு பாக்கத்தான் என்றார். நான் வண்டியைக் கிளப்பினேன். சாந்தோம் போய் இடது, வலது, மறுபடி இடது என்று அவர் சொன்னபடியெல்லாம் திருப்பினேன், லொட் லொட். சஸ்பென்ஷன் இல்லே, பிரேக் இல்லே என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்து தன் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினார். கையில் வந்தது என்ன தெரியுமா, அம்மன் கோயில் எலுமிச்சம்பழம். காய்ந்து கல்லாகி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் உருண்டு சீட்டுக் கம்பியில் முட்டியிருக்கிறது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம், கண்ணில் தண்ணீர் வருகிறவரை. அவர் பழத்தை மடியில் வைத்துக்கொண்டார், இறங்குகிறேன் என்று சொல்லவில்லை, வீட்டுக்குத் திருப்பு என்றும் சொல்லவில்லை. லைட்ஹவுஸ் தாண்டிக் கடற்கரைச் சாலை காலியாக இருந்தது. சிக்னலில் நின்றோம். அவர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, பச்சை விழுந்ததும் மிதி என்றார். கல்யாணமான நாளிலிருந்து மெதுவா மெதுவா என்றே சொன்ன மனிதர். மிதித்தேன் வர்ஷினி. அடுத்த சிக்னல் தானாகவே எங்களிடம் வந்தது. ஐம்பதைத் தொட்டதும் காலை எடுத்துவிட்டேன், பயப்படாதே. அப்பா, இதுக்குத்தான், இதுக்குத்தான் என்று தனக்குள் இரண்டு தடவை சொல்லிக்கொண்டார்.

ஆகையால் கோயமுத்தூர்க்காரர்களுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடு. இன்றைக்குச் சாயங்காலம் கச்சேரிக்குப் போகிறோம், அவரேதான் டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தார். நீ உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி தயிரைத் தவிர்க்காதே, பனியில் முன் வண்டியை விட்டுத் தள்ளி நிறுத்து. முக்கியமாக ஒன்று, இனிமேல் போன் பண்ணினால் கண் எப்படி இருக்கு என்று முதலில் கேட்காதே, கார் எப்படி இருக்கு என்று கேள், கண்ணைப் பற்றி அவரே சொல்வார். கபாலியும் கற்பகமும் உங்கள் இருவருக்கும் துணை.

என்றும் உன் நலம் கோரும் அம்மா,
ஹம்சா

அப்பா பார்த்துவிட்டார், தானும் எழுத வேண்டுமாம். மேலே எழுதினதெல்லாம் தெரியாமல் தாளை மடித்து இந்த மூலையை மட்டும் கொடுத்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

வர்ஷினி, உன் அம்மா பிரேக்கைக் கொஞ்சம் சீக்கிரமாக மிதிக்கிறாள். மற்றபடி நன்றாக ஓட்டுகிறாள். நீ வரும்போது ஏர்போர்ட்டுக்கு நாங்களே வருகிறோம். பின் சீட்டில் உட்கார்ந்துகொள், முன் சீட் என்னுடையது. அப்பா.