பூவுக்கு வைத்த பெயர்

பிரிஸ்டல்,
12 பிப்ரவரி 1994

என் மிமிக்கு,

நலம். நலமா? இங்கே எலும்பு வரைக்கும் குளிர். நீ பெட்டியில் திணித்து அனுப்பிய வெல்லக் கட்டியைத்தான் வெந்நீரில் கரைத்துக் குடிக்கிறேன். அதையும் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறேன்.

நேற்று என் மானம் போயிற்று. கருத்தரங்கில் நம் ஆர்க்கிட் இனத்தை ‘லெபான்தெஸ்’ என்றேன். முன்வரிசைக் கிழவர் ஒருவர், "எதைச் சொல்றீங்க?" என்றார். திருப்பிச் சொன்னேன். "ஓ, லெபேந்தீஸா!" என்றார். அறையே சிரித்தது. அதன் பிறகு ஒரு லத்தீன் பெயர்கூட வாயிலிருந்து முழுதாக வரவில்லை. கன்னியாஸ்திரிகளிடம் பிரம்படி வாங்கி லத்தீன் படித்தவள் நீ. எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடேன்.

இன்னொன்று. நம் புதுப் பூவுக்கு நீ எழுதிய லத்தீன் விவரணையின் நகல் ஒன்று அனுப்பு. இங்கே உலர்த்தி வைத்திருக்கும் செடி மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மூன்று மழைக்காலம் புராசே மலையில் நனைந்து நீ கண்டுபிடித்தது, பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் யோலி

•

போப்பாயான்,
9 மார்ச் 1994

அன்புள்ள யோலி,

பிரம்படி வாங்கியது நான், பாடம் உனக்கு இலவசமா? சரி, கேள்.

லத்தீனுக்கு இப்போது வீட்டுக்காரர் யாரும் இல்லை. அந்தக் கிழவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உனக்கும் உண்டு. ஒவ்வொரு உயிரெழுத்தையும் முழுசாகச் சொல், விழுங்காதே. கடைசிக்கு முந்தின அசை குறிலாக இருந்தால் அதற்கும் முந்தினதை அழுத்து. நம் பூவுக்கு நாம் பேசி வைத்த பெயரையே எடுத்துக்கொள்: ‘நெபுலிகொலா’, மேகத்தில் குடியிருப்பவள். ‘லி’யில் அழுத்து. மனிதர் பெயரால் வந்த செடியென்றால் அவரை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியே சொல். தப்பாகச் சொன்னால்கூடத் தயங்காமல் சொல். நீ திக்கினால்தான் அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

விவரணையை இத்துடன் வைத்திருக்கிறேன். லத்தீனில் இந்தப் பத்து வரி இல்லாமல் புதுச் செடியை எந்த இதழும் ஏற்காது. இதற்காக நான் எத்தனை ராத்திரி தலையைப் பிய்த்துக்கொண்டேன் என்று உனக்கே தெரியும். ஒப்பிட்டு முடித்ததும் எழுது. இரண்டு பேர் பெயரையும் போட்டு அனுப்பிவிடலாம். டிசம்பரில் நம் உலர்தாவரக் கூடத்து நிரந்தர வேலைக்குத் தேர்வு. புதுச் செடி ஒன்றை வெளியிடாதவர்களைக் குழு திரும்பிக்கூடப் பார்க்காது. பதினோரு வருஷத் தற்காலிக வேலை போதுமடி. எனக்கு அலுத்துவிட்டது.

புனித வாரத்துக்கு நீ இல்லாமல் ஊர்வலம் பார்க்கப் போக மனமில்லை. வேர்க்கடலை வைத்துப் பொரித்த பிபியான் எம்பனாடாவை உன் பங்குக்கும் சேர்த்து நானே தின்கிறேன்.

உன் மிமி

•

பிரிஸ்டல்,
17 அக்டோபர் 1994

என் செல்ல மிமிக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குத் திட்டாதே. உனக்கு ஒரு பரிசு தயார் செய்துகொண்டிருந்தேன்.

நம் பூ அச்சாகிவிட்டது! இதழை இத்துடன் அனுப்புகிறேன். ‘நெபுலிகொலா’வை விட்டுவிட்டேன். அதைவிட நல்ல பெயர் கிடைத்தது. இனி உலகம் முழுக்க அந்தப் பூ ‘லெபான்தெஸ் கிஹானோயே’. உன் குடும்பப் பெயர்! எத்தனை பேருக்கு இது கிடைக்கும், சொல்?

போன வாரம் அதைப் பற்றிப் பேசினேன். அதன் ஒலிநாடாவையும் இத்துடன் வைத்திருக்கிறேன், கேட்டுப் பார். இங்கே எல்லோரும் ‘க்விஜானோ’ என்றுதான் ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை. ‘கிஹானோ’ என்று அத்தனை பேரையும் சொல்ல வைத்தேன். அந்தக் கிழவரையும்தான். நீ சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

டிசம்பரில் வருகிறேன். கட்டிப்பிடித்து அழுவோம்.

என்றும் உன் யோலி

•

போப்பாயான்,
8 நவம்பர் 1994

யோலிமா,

இதழ் வந்தது. என் பத்து வரி லத்தீன் ஓர் எழுத்து மாறாமல் இருக்கிறது. அதன் மேலே ஆசிரியர் என்று உன் பெயர் மட்டும் இருக்கிறது.

நம் தொழிலில் யாரும் ஒரு செடிக்குத் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. வைத்தால் ஊர் சிரிக்கும். முதல் வருஷ மாணவனுக்கும் தெரிந்தது உனக்குத் தெரியாதா? பூவுக்கு என் பெயரை வைத்த பிறகு ஆசிரியர் இடத்தில் நான் எப்படி உட்கார முடியும்? மாலை போட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருக்கிறாய். வெறுமனே திருடியிருந்தால் கத்தியிருப்பேன். இப்போது பார்க்கிறவர்களெல்லாம் வாழ்த்துகிறார்கள். நானும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கூடத்துப் பேராசிரியர் எவெலியோவும் கை கொடுத்தார். "ஒரு பூவே உங்க பேர்ல இருக்கே நொஎமி, கொடுத்து வச்சவங்க."

"அது நான் கண்டுபிடிச்ச பூ சார். லத்தீனும் நான் எழுதினது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருக்கலாம்மா. தேர்வுக் குழு, ஆசிரியர் யாருன்னுதானே பாக்கும்? யோலிமாவும் இதே வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்காங்க. உங்ககிட்டச் சொல்லலியா?"

"சொல்லல சார்."

"ரெண்டு பேரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாச்சே, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேலை உனக்கு வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம். சண்டை போட்டிருப்போம், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்போம், யாராவது ஒருத்தி விட்டுக்கொடுத்திருப்பாள். அநேகமாக நான்தான். என்னைக் கேட்கக்கூட உனக்குத் தோன்றவில்லை. அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஒலிநாடாவைக் கேட்டேன். என் பெயரை அழகாகச் சொல்கிறாய். என் அம்மாகூட இவ்வளவு திருத்தமாகச் சொன்னதில்லை. எங்காவது ஓர் இடத்தில் உன் குரல் தடுமாறுகிறதா என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். தடுமாறவே இல்லை.

அச்சான பெயரை இனி நீயோ நானோ அழிக்க முடியாது. அந்தப் பூவை எங்கே குறித்தாலும் முதலில் என் பெயர், அதை ஒட்டி ஆசிரியராக உன் பெயர். நாம் செத்த பிறகும் அப்படித்தான் நிற்போம்.

தேர்விலிருந்து நான் விலகவில்லை. களக்குறிப்பு, முதல் மாதிரி எல்லாவற்றையும் குழு முன்னால் வைக்கப்போகிறேன். தோற்றாலும் தோற்பேன். உன் எதிரே உட்கார்ந்து தோற்கிறேன். அங்கே வைத்து என்னை மிமி என்று கூப்பிடாதே.

நொஎமி கிஹானோ