ஹினோரியின் மனதில் யார்

சிலிபின், ஈப்போ
11.2.2024

அன்புள்ள பெர்னி,

நலம்தானே? இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலைக்கு, அந்த ராத்திரிக் காவலுக்கு, மறுபடியும் போகிறார். என் ஆபீசில் வழக்கம்போல் நான் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நம் ஜப்பானியப் படக்கதை, மங்கா, ஆறாம் புத்தகம் அனுப்பியிருக்கிறேன். பல்கலைக்கழக விடுதியில் நாம் போட்ட விதி உனக்கு ஞாபகம் இருக்கும். மங்காவைப் பற்றிப் போனில் பேசக்கூடாது, எழுத்தில்தான். புத்தகத்தை முடித்த பிறகே உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரிக்க வேண்டும். ஆகவே நீ முடித்துவிட்டாய் என்று நம்பி எழுதுகிறேன்.

ஹினோரியின் மனதில் இருப்பது குடைக்காரனா, சைக்கிள்காரனா? அந்த மழைக் காட்சியைப் பார். ஹினோரி ரொட்டிக் கடையை மூடிவிட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறாள். குடைக்காரன் வந்து குடையை நீட்டுகிறான். அவள் கன்னத்தில் அந்தச் சாய்கோடுகள். வெட்கம், ஆகவே குடைக்காரன்தான் என்று நீ சொல்வாய். ஆனால் அடுத்த கட்டத்தைப் பார். அதில் முகமே இல்லை, காலணிகள் மட்டும். இரண்டும் சைக்கிள்காரன் போன பக்கம் திரும்பியிருக்கின்றன. நான்காம் புத்தகத்திலிருந்து அவள் மனதில் நினைப்பது எதையும் தலைக்கு மேலே குமிழியில் எழுதுவதில்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் முடிவு, சைக்கிள்காரன்.

போன மாதம் தீபன் அண்ணன் தைப்பிங்கில் உன் வாடகை வீட்டில் வாட்டர் ஹீட்டரைப் பழுது பார்த்துவிட்டு வந்தான் அல்லவா, அதிலிருந்து தைப்பிங் பேச்சுதான். "அங்க மழை ஜாஸ்திலா, வயரிங் எல்லாம் அடிக்கடி செக் பண்ணணும்" என்கிறான். அம்மா என்னைப் பார்க்கிறார். நான் சோற்றைப் பார்க்கிறேன்.

தேவாலயத்தில் கிட்டார் வாசிப்பவர் என்று உன் சித்தி ஒருவரைச் சொன்னாரே, நைஜல், அந்தக் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று?

உன் பதிலை எதிர்பார்க்கும்,
தினேஸ்வரி


தைப்பிங்
2.3.2024

அன்பு தினா,

புத்தகமும் கடிதமும் கிடைத்தன. இங்கே துணி காயவில்லை. ஈரச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறேன். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், "டீச்சர் மேல புகை வருது" என்கிறார்கள்.

உன் காலணி ஆராய்ச்சியைப் படித்துச் சிரித்தேன். வரைந்தவருக்கு முகம் வரைய அன்று அலுப்பாக இருந்திருக்கும். ஆனாலும் உன் முடிவைப் பாதி ஒப்புக்கொள்கிறேன். குடைக்காரன் எதிரில் ஹினோரி ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைக்கிறாள். சைக்கிள்காரன் எதிரில் வாய் நிறையத் தின்கிறாள், மூக்கில் மாவு ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல். அவன் பக்கத்தில் அவளுக்குப் பயம் இல்லை. அதற்குப் பெயர் காதலா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவன் பக்கத்தில் இருக்க அவளுக்குப் பிடித்திருக்கிறது.

நைஜல் நல்லவர். அவர் வந்தால் நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். சித்திதான் அவசரப்படுகிறார்.

தீபன் அண்ணனுக்கு என் நன்றியைச் சொல். வெந்நீர் ஒழுங்காக வருகிறது. அன்று மத்தியானம் நன்றாகச் சிரித்தோம். நான் மறுபடி மறுபடி மீன் குழம்பை ஊற்றிக்கொண்டேன் என்று அவர் செய்த கிண்டலை உன்னிடம் சொன்னாரா?

அன்புடன்,
பெர்னடெட்


சிலிபின்
18.3.2024

அன்புள்ள பெர்னி,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ரொட்டியைப் பற்றி எழுதிவிட்டு, கொஞ்சம் கீழேயே மீன் குழம்பைப் பற்றியும் எழுதியிருந்தாய். நைஜல் எதிரில் முதுகை நிமிர்த்தி உட்காருகிறேன் என்றும் எழுதியிருந்தாய். நீ நேராகச் சொல்லமாட்டாய். உன் இடத்தில் நான் இருந்தாலும் இப்படித்தான் சொல்லியிருப்பேன்.

உன் மனதில் இருப்பது அவன்தான் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். குழாயை மூட மறந்து அப்படியே நின்றான். பிறகு அவனே போய் அம்மாவிடம் சொன்னான். அம்மா மதத்தை நினைத்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்பாதான் முடித்து வைத்தார். "அவங்க சாமி படமும் மாட்டலாம், நம்ம சாமி படமும் மாட்டலாம். செவுரு நம்மளோடதுதானே" என்றார்.

வரும் ஞாயிறு பாகான் செராயில் உங்கள் வீட்டுக்கு அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் பெண் கேட்டு வருகிறார்கள். அந்த வாரக் கடைசியில் நீ ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தாய். நான் வரவில்லை. என்னைப் பார்த்தால் நீ சிரித்துவிடுவாய். அண்ணியாகப் போகிறவள் அன்றைக்குச் சிரிக்கக்கூடாது.

மகிழ்ச்சியுடன்,
தினா


தைப்பிங்
27.3.2024

தினா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் வந்தது. உன் வீட்டார் ஞாயிறே வந்து போய்விட்டார்கள்.

அன்று குருத்து ஞாயிறு. பூசை முடிந்து, கையில் குருத்தோலையோடு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தோம். பின்னாலேயே வேன் வந்து நின்றது. உன் அம்மா தட்டு ஏந்தி வந்தார். வெற்றிலை, பூ, ஆப்பிள், மஞ்சள். கோயில் திருவிழாவுக்கு அழைக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து என் அம்மா இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் உன் அம்மா விஷயத்தைச் சொன்னார். என் அப்பா என்னைப் பார்த்தார். நான் தேநீர் கலக்கப் போய்விட்டேன். வந்தவர்கள் முகத்துக்கு நேரே என்ன சொல்வது? நான் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்திருக்கிறது, அதனால்தான் பேசவில்லை என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அப்பா சொல்லி அனுப்பினார். புறப்படும்போது என் அம்மா தட்டைத் திருப்பிக் கொடுத்தார். யார் வீட்டுப் பாத்திரத்தையும் காலியாகக் கொடுக்கமாட்டார், அதனால் அதில் சீனியைக் கொட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுக் குழம்புச் சட்டியையும் அப்படித்தான் கொடுப்பார். உன் அம்மா சீனியைப் பார்த்ததும் சம்மதம் என்று நினைத்துக் கண் கலங்கி என் கன்னத்தைத் தடவினார். அப்பா சொன்னது அதற்குப் பிறகு யார் காதிலும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை தீபன் அண்ணன் போன் செய்தார். நாள் பார்க்கலாமா என்று கேட்டார். நான் சொன்னேன்: "அண்ணே, எனக்கு அப்படி எண்ணம் இல்லண்ணே."

அவர், "தினாதான் சொன்னா, நீங்க லெட்டர்ல எழுதியிருக்கீங்கன்னு" என்றார்.

நான் என்ன எழுதினேன் தினா? ரொட்டி தின்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். உன் அண்ணனோடு சிரித்தேன், உண்மைதான். சிரிப்பதற்கு ஒரு ஆள் கிடைத்தார் என்று சிரித்தேன்.

"பரவால்லம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவரிடம் முடியாது என்று சொல்ல வேண்டியவளாக என்னை ஆக்கிவிட்டாய்.

நைஜலிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன். இப்போது சித்தியும் பேசுவதில்லை.

நீ என்னைக் கேட்டிருக்கலாம். போன் இருக்கிறது. விதி மங்காவுக்குத்தான், எனக்கு இல்லை.

பெர்னடெட்


சிலிபின்
9.4.2024

அன்புள்ள பெர்னி,

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அம்மா அந்தச் சீனியில் பாயசம் வைத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருந்தார். இப்போது ஒவ்வொரு வீட்டிலும் "எப்பம்மா கல்யாணம்" என்று கேட்கிறார்கள். அம்மா மார்க்கெட்டுக்குச் சுற்றுவழியில் போகிறார். உன்மேல் ஒரு சொல் சொல்லவில்லை. "அந்தப் பொண்ணு என்ன பண்ணும், நம்மதானே தட்டைத் தூக்கிக்கிட்டுப் போனோம்" என்றார்.

அண்ணன் வேலைக்குப் போகிறான், வருகிறான். என்னிடம் ஒரே ஒரு முறை பேசினான். "நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சம். அதனால் முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்து, நானே தெரிந்துகொள்வேன். பல தடவை அது சரியாகவும் இருந்திருக்கிறது. ஆபீசில் யார் வேலையை விடப் போகிறார்கள் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். உன் விஷயத்தில் வேறு ஒன்றும் சேர்ந்துகொண்டது. நீ எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். விடுதியில் இருந்ததுபோல ஒரே வீட்டில் இருக்கலாம் என்று. அந்த ஆசையோடு உன் கடிதத்தைப் படித்தேன். நீ எழுதாததெல்லாம் அதில் தெரிந்தது.

மன்னித்துவிடு. உன் வீட்டாரிடமும் நான் நேரில் வந்து சொல்கிறேன், நீ சம்மதித்தால்.

இப்போது கேட்கிறேன். என்மேல் கோபமாக இருக்கிறாயா? இனி என்னோடு பேசுவாயா? எதுவாக இருந்தாலும் எழுது.

தினேஸ்வரி


தைப்பிங்
19.5.2024

தினா,

கடைசிப் புத்தகம் இங்குள்ள கடையில் மலாய் மொழியில் வந்துவிட்டது. அனுப்பியிருக்கிறேன். முடித்துவிட்டுத்தான் இதைப் பிரித்தாய் என்று நம்புகிறேன்.

ஹினோரி வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். பக்கம் முழுவதும் ஒரே ஒரு குமிழி. சைக்கிள்காரன்தான். அவள் விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே நீ சொன்னது சரி. என் விஷயத்தில் தப்பு. இரண்டையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

உன் கேள்விகளுக்குப் பதில் எழுத இவ்வளவு நாளாயிற்று. கோபமா என்று கேட்டாய். ஆமாம், இருக்கிறது. பேசுவாயா என்று கேட்டாய். பேசுவேன். ஒன்று இருக்கும்போது இன்னொன்றும் இருக்கிறது. அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை, நீ கண்டுபிடிக்க முயற்சி செய்யாதே.

என் வீட்டாரிடம் நீ வர வேண்டாம், நானே பேசிவிட்டேன். அப்பா உன் அப்பாவுக்குப் போன் செய்தார். இருவரும் முட்டிவலியைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள்.

அடுத்த வாரம் பள்ளி விடுமுறை. சனிக்கிழமை காலை பஸ்ஸில் ஈப்போ வருகிறேன். நிலையத்துக்கு நீ மட்டும் வா. உன் வீட்டுக்கு இந்த முறை வேண்டாம், எங்கேயாவது உட்கார்ந்து பேசலாம்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது என் முகம் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். அதைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதே. கேள். சொல்கிறேன்.

பெர்னி