சாமி படத்தில் தொங்கும் மாலை

கார்த்திகை 2, செவ்வாய்

நெத்திலி (புருஷனுக்கு நான் வைத்த பேர் இதுதானே), காலையிலிருந்து தூறல். கத்திவாக்கம் முழுக்கச் சேறு. படகு எதுவும் போகவில்லை, எனக்கும் மீன் கூடை இல்லை.

தெருவில் கறுப்பு வேட்டிகள் வந்துவிட்டன. நீ இல்லாத முதல் கார்த்திகை. மலைக்குப் போய் வந்தும் நீ மட்டும் மாலையைக் கழற்றவில்லை. "கய்ட்னா குடிப்பேன், வுடு" என்றாய். மூன்று வருஷம் கழுத்திலேயே கிடந்தது. மாலை இருக்கிறவரை மீனும் ஆகாது. மீன்காரி வீட்டில் தினம் காய்க் குழம்பு! உன்னை எடுக்கும் முன் நான்தான் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினேன். கடைசியில் உன் வாயில் மருந்து வாசனைதான், வேறு வாசனை இல்லை. அதற்குச் சாமிக்கு எப்படி நன்றி சொல்வது. இந்த வருஷம் குருசாமியிடம் கொடுத்து மாலையை மலைக்கு அனுப்பிவிடுவேன்.

வாங்க வேண்டியது: பால், உப்பு, சுகர் மாத்திரை.

கார்த்திகை 4, வியாழன்

வெயில். காலேஜிலிருந்து ரேவதி மேடம் வந்தார். சின்னப் பெண்தான். சாமி கும்பிடுவது மனுஷர் உடம்பையும் நடத்தையையும் மாற்றுமா என்று வீடு வீடாகக் கேட்டு ஆராய்ச்சி. கோயிலுக்குப் போவீங்களா, முடியாமல் படுத்தால் யார் வருவாங்க, மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா. கடைசிக் கேள்விக்கு விட்டத்தைப் பார்த்தேன்.

உன் மாலையைக் காட்டினேன். "இதுதான் அவரைக் குடிக்காம வச்சுதாம்மா?" என்றார்.

"பின்ன இன்னா?"

எழுதிக்கொண்டார். உன்னைப் பற்றி ஒருத்தர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டார். அதுவே போதும். டீ போட்டேன், சர்க்கரை போட மறந்தேன். முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார், நல்ல பிள்ளை.

கார்த்திகை 6, சனி

மறுபடி மேடம். கூடவே உன் படகுக் கூட்டாளி தேசிங்கு. மாலை போட்டவர்கள் பற்றிக் கேட்க மேடம்தான் கரையிலிருந்து அழைத்து வந்தார். அவன் மாலையைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது.

"அண்ணி, இது அந்த மால இல்ல."

"இன்னாடா ஒளர்ற?"

"போன வருசம் வல இஸ்துகினு இருந்தோம். கயிறு மாட்டி மால அறுந்து கடல்ல பூட்ச்சி. அண்ணன் ஒரே பேஜாரு. அன்னிக்கே தேரடில இத வாங்கி தானே மாட்டிகினுச்சி. குருசாமியும் இல்ல, பூசையும் இல்ல. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம்."

"அப்பால?"

"நான் சும்மா இருப்பனா? 'அதான் சாமி பூட்ச்சே, வாண்ணே, ஒரு கட்டிங் அடிக்கலாம்'னேன். 'அடப் போடா, வூட்ல கொயம்பு ஆறிடும்'னுட்டு நடந்துச்சி."

மேடம் பேனாவை மூடினார். "காரணம்னு நான் என்னம்மா எழுத?"

தேசிங்குதான், "சாமின்னே எய்துங்க மேடம். கீய ஓரமா கொயம்புன்னும் போட்டுக்கோங்க" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். நீ போன பிறகு சத்தமாகச் சிரித்தது இன்றுதான்.

கார்த்திகை 7, ஞாயிறு

நல்ல மழை. குருசாமி ஆள் அனுப்பினார். தேங்காய், நெய், கற்பூரம் கொடுத்தேன். சாமிக்கு உள்ளது சாமிக்கு. மாலையைக் கொடுக்கவில்லை.

மாத்திரை போட்டேன். சோறு சூடாகச் சாப்பிட்டேன்.

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மாலை அறுந்த அன்றைக்கு நான் வைத்த குழம்பு கத்திரிக்காயா, முருங்கைக்காயா? சொல்லு, நெத்திலி.