துண்டில் ஏறாத சாயம்

8.11.76, திங்கள் இரவு

மெட்ராஸ் ஆய்வுக்கூடத்தில் போடும் வெள்ளைக் கோட்டைத் துவைக்க வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தப்பு. அதன் கைப்பக்கம் இளஞ்சிவப்பாக ஒரு கறை. நாத்தனார் பார்வதி கண்ணில் பட்டுவிட்டது. சாயப்பட்டறை வீட்டுப் பெண் சும்மா இருப்பாளா? சாயம் போகிறதா என்று பார்க்க, என் குழந்தையின் ஈரத் துண்டை அதன்மேல் வைத்துத் தேய்த்திருக்கிறாள்.

“துளி கூட எறங்கல அண்ணி. நம்ம பட்டறை சாயத்த வுட ஒங்க காலேஜ் சாயம் கெட்டி!” என்று சிரித்தாள். “புள்ள ஜொள்ளு வுட்டுக்கினு இருந்தான். அதே துண்டால வாய தொடச்சி வுட்டேன்.”

துண்டை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

அது பட்டு நூலுக்கான சாயம் இல்லை. செல்லுக்குள் போய் டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்வது. செல் பிளவுபடுவதற்கு முன் டி.என்.ஏ. இரண்டு மடங்காகும், அதில் ஏறிய சாயத்தின் ஒளியும் கூடும். அதை அளந்துதான் எந்தச் செல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்கிறோம். துளியளவு என்றால் வெறும் கண்ணுக்குத் தெரியாது, புற ஊதா விளக்கில்தான் மின்னும். கையுறை இல்லாமல் தொடாதே என்று புரொபசர் முதல் நாளே சொன்னார். கைக்குழந்தையின் உடம்பு முழுக்கப் பிளந்து வளரும் செல்கள்தானே.

துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருக்கிறேன். நாளை அந்த விளக்கில் பார்க்க வேண்டும். மின்னினால் இவரிடம் சொல்லியாக வேண்டும். அதோடு என் ஆராய்ச்சி நின்றுவிடும். பார்வதி அழுதே தீர்த்துவிடுவாள்.

பிள்ளை பால் நன்றாகத்தான் குடித்தான். இருந்தாலும் எழுப்பி எழுப்பிப் பார்க்கிறேன்.

“ஏம்மா, தூங்கற புள்ளைய எழுப்பற?” என்கிறார் இவர்.

கொசு என்றேன்.