கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் எப்படி?

அப்பா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நான் தையல் கடைக்குப் போகிறேன். கிளம்பும்போது சாவியை அடுத்த வீட்டு அத்தையிடம் கொடுங்கள்.

மூன்று மணிக்குத் தங்கச்சியின் பள்ளிக்கூடத்துக்குப் போக மறந்துவிடாதீர்கள். டீச்சர், "கவனிக்கவே மாட்டேங்குறா" என்பார். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டாதீர்கள். அவளுக்கும் என்னைப் போலக் காது மந்தம் என்று சொல்லுங்கள், மறைக்காதீர்கள். உதட்டைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரியும். டீச்சர் கரும்பலகையைப் பார்த்துப் பேசினால் அவள் என்ன செய்வாள்? முன் பெஞ்சில் உட்கார வைத்து, முகம் தெரியப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

எனக்காகப் போனபோது ஹெட்மாஸ்டர், "செவிடன் காதுல ஊதின சங்குதான் சார்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். அவர் உதடு எனக்கு நன்றாகவே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்தை விட்டேன். நீங்கள் இன்னும் என்னைச் சோம்பேறி என்கிறீர்கள்.

அவளையும் வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் இருக்கிறது.

இன்னொன்று. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே வாசலைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். திட்டினீர்களா, சமாதானமா, தெரியவில்லை. சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள்.